கசவு வெளுக்காமல், விளக்கு அணையாமல்

செங்கோட்டையில் ஒரு ஓட்டு வீட்டின் முன்னறைதான் என் தையல் கடை. இரண்டு மெஷின், ஒரு கட்டிங் மேசை, சுவரில் சாய்த்து வைத்த ஆரி ஃபிரேம். 18 வருஷமாகப் பிளவுஸ் தைக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் மலைக்கு அந்தப் பக்கத்து, கேரளத்துக்காரர்கள். ஆரியங்காவு, கழுதுருட்டி, தென்மலை, புனலூர் என்று வருவார்கள். 1956 நவம்பர் வரை செங்கோட்டையும் திருவிதாங்கூர்-கொச்சியில்தான் இருந்தது. மாநில எல்லைக் கோடு புளியரைக்கு மேலே போய்விட்டது, ஆனால் பெண் கொடுப்பதும் எடுப்பதும் பழையபடிதான் நடக்கிறது. 2018-இல் புனலூர் அகல ரயில் பாதை முழுதாகத் திறந்த பிறகு அந்தப் பக்கத்து ஆட்கள் இன்னும் கூடுதலாக வருகிறார்கள்.

கேமரா வாங்கியது கடைக்காகத்தான். ஆரி வேலையில் ஒவ்வொரு கட்டத்தையும் வாடிக்கையாளர் பார்த்துச் சொல்ல வேண்டும். புனலூரில் இருப்பவர் அதற்காக மூன்று தடவை மலை ஏறி இறங்க முடியாது. படம் எடுத்து அனுப்பினால் போதும். போன் படத்தில் நூலின் பின்னல் சரியாக விழவில்லை என்று பழைய நிக்கான் டி5300 ஒன்றை, 18-55 லென்ஸோடு, செகண்ட் ஹேண்டில் வாங்கினேன்.

வாங்கிய அன்றைக்கே சாயங்காலம் அத்தை பூஜையறையில் குத்துவிளக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஐந்து திரி. அந்த வெளிச்சத்தில் அத்தையின் முகம் செம்பு மாதிரி இருந்தது. ஆட்டோவில் வைத்து அமுக்கினேன். ஃபிளாஷ் தானாக எழுந்து வெட்டியது. படத்தில் அத்தையின் நெற்றியும் மூக்கும் சுண்ணாம்பு, பின்னால் சுவர் கன்னங்கறுப்பு, சுடர் ஐந்தும் வெளுத்த புள்ளிகள். அத்தை திரையைப் பார்த்துவிட்டு, “என்னட்டி, வெளக்கு அணஞ்சுல்லா கெடக்கு” என்றார்கள். அந்த வார்த்தை எனக்கு ரொம்ப நாள் உறுத்தியது. எரிகிற விளக்கைப் படத்தில் அணைத்திருக்கிறேன்.

அதைவிடப் பெரிய அடி போன ஆடியில் விழுந்தது. ஆரியங்காவுப் பக்கத்துச் சேச்சி ஒருவருக்குச் சிங்க மாதம், நம் ஆவணி, பிறந்ததும் மகள் கல்யாணம். செட்டு முண்டுக்குத் தங்கக் கரை போட்ட வெளிர்க் கசவுத் துணியில் ஒரு பிளவுஸ், வரவேற்புக்குக் கரும்பச்சை வெல்வெட்டில் ஜமிக்கி வைத்து இன்னொன்று. இரண்டையும் முடித்துப் படம் அனுப்பினேன். அரை மணி நேரத்தில் அவரிடமிருந்து போன். “சேச்சி, இது பழய துணியாணோ?” அவர் கொடுத்த துணி, அவர் கண்ணால் பார்த்து வாங்கிய துணி. படத்தில் அது துவைத்துத் துவைத்துச் சாம்பல் ஏறியது போல இருந்தது. வெல்வெட்டோ நேர் எதிர். வெளிறிப்போய், வெயிலில் காய்ந்த பாசி நிறத்தில் வந்திருந்தது. ஜமிக்கி இருந்த இடமெல்லாம் வெள்ளைப் பொட்டு. துணியைக் கையில் பார்த்த பிறகு அவருக்குச் சமாதானம் ஆனது. ஆனால் நாலு நாள் அந்தத் தாய் என்ன நினைத்துக்கொண்டிருந்திருப்பார்?

அப்புறம்தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்று முடிவெடுத்தேன். ஆரியங்காவுச் சாலையில் முன்பு ஸ்டுடியோ வைத்திருந்த ஒரு அண்ணாச்சி இருக்கிறார். பிலிம் காலத்து ஆள், இரண்டு பாஷையிலும் கல்யாணம் எடுத்தவர். கேமராவைக் கையில் வாங்கி ஒரு நிமிஷம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “உள்ள ரெண்டு வெளிச்சம் போகுது தங்கச்சி. ஒண்ணு ஊர் வெளிச்சம், ஒண்ணு நம்ம வெளிச்சம். ரெண்டையும் தனித்தனியா அளக்கத் தெரிஞ்சா போதும்.”

நான் தெரிந்துகொண்டது அத்தனையும் இந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கும். அதுவரை ஃபிளாஷ் என்றால் எரியும், அல்லது எரியாது, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

ஃபிளாஷ் வெட்டு ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி அளவுக்கோ அதற்கும் குறைவாகவோதான் நிற்கும். உள்ளே செனான் வாயு அடைத்த ஒரு கண்ணாடிக் குழாய். மின்தேக்கியில் சேர்த்து வைத்த மின்சாரம் அதற்குள் ஒரே மூச்சில் பாய்கிறது. படம் எடுத்து முடித்ததும் மெல்லிசாக ஒரு ‘கீ’ சத்தம் கேட்குமே, அது மின்தேக்கி மறுபடி நிரம்பும் சத்தம். (வீட்டில் பழைய சின்ன டிஜிட்டல் கேமரா இருந்தால் பிள்ளைகள் திருப்புளி வைத்துத் திறக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பேட்டரியை எடுத்த பிறகும் அதற்குள் 300 வோல்ட் அளவுக்கு நிற்கலாம். என் மகன் திறக்கப் போனபோது அண்ணாச்சி சட்டென்று கையைத் தட்டிவிட்டார்.) வெட்டு இத்தனை குறுகியதாக இருப்பதால், வெளிச்சத்தை உள்ளே விடும் கதவான ஷட்டர் 60-இல் ஒரு பங்கு நொடி திறந்திருந்தாலும் அரை நொடி திறந்திருந்தாலும் நம்ம வெளிச்சம் ஒரே அளவுதான் உள்ளே போகும். ஊர் வெளிச்சம் அப்படியில்லை. ஷட்டர் திறந்திருக்கும் நேரமெல்லாம் வந்து சேர்ந்துகொண்டே இருக்கும். ஆகவே ஷட்டரைத் திருகினால் ஊர் வெளிச்சம் மட்டும் கூடும், குறையும். நம்ம வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கத் தனி வழி இருக்கிறது. அப்பர்ச்சரும் (லென்ஸின் துவாரம்) ஐ.எஸ்.ஓ.வும் (கேமரா வெளிச்சத்தை உணரும் அளவு) இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும்.

இதைக் கேட்ட அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அத்தையின் விளக்கு ஏன் அணைந்தது என்பது அப்போதே புரிந்துவிட்டது. ஆட்டோவில் கேமரா 60-இல் ஒரு நொடிதான் ஷட்டரைத் திறந்தது. எண்ணெய் விளக்கின் வெளிச்சம் வந்து சேர அந்த நேரம் பற்றாது. பின்சுவருக்கு அதுவும் இல்லை, ஃபிளாஷும் எட்டவில்லை.

எட்டுவதற்கு ஒரு கணக்கு உண்டு. என் கேமராவில் எழும் ஃபிளாஷின் வழிகாட்டு எண் ஐ.எஸ்.ஓ. 100-இல் சுமார் 12. இதை அப்பர்ச்சர் எண்ணால் வகுத்தால் வெளிச்சம் எத்தனை மீட்டர் எட்டும் என்று கிடைக்கும். எஃப் 4 என்றால் 3 மீட்டர். ஐ.எஸ்.ஓ.வை 400 ஆக்கினால் 6 மீட்டர். அவ்வளவுதான் அதன் கை நீளம். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகிவிடும். பள்ளி ஆண்டு விழாவில் கடைசி வரிசையிலிருந்து மேடையை நோக்கி ஃபிளாஷ் வெட்டுகிறார்களே, அந்த வெளிச்சம் முன்வரிசைத் தலைகளோடு முடிந்துபோகும். மேடையில் ஆடும் பிள்ளைக்கு அது போய்ச் சேராது. அங்கே ஃபிளாஷை அணைத்துவிட்டு ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டுவதே நல்லது.

சரி, கசவுக்கு வருகிறேன்.

டி.டி.எல். என்பது ஃபிளாஷ் தன்னைத் தானே அளந்துகொள்ளும் முறை. படத்துக்கு முன்னால் சின்னதாக ஒரு வெட்டு வெட்டி, திரும்பி வருகிற வெளிச்சத்தை லென்ஸ் வழியாகவே அளந்து, அப்புறம் பெரிய வெட்டு. இரண்டுக்கும் நடுவே கண் சிமிட்டும் நேரம்கூட இல்லாததால் நமக்கு ஒன்று போலத்தான் தெரியும். இதில் ஒரு சிக்கல். எதிரே இருப்பது வெள்ளையா கறுப்பா என்று கேமராவுக்குத் தெரியாது. எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாகவே வைத்துக் கணக்குப் போடும். படம் முழுக்கக் கசவுத் துணி இருந்தால், ‘இவ்வளவு வெளிச்சம் திரும்பி வருகிறதே’ என்று ஃபிளாஷைக் குறைத்துவிடும். வெள்ளைத் துணி சாம்பலாகும். வெல்வெட் இருந்தால் ‘ஒன்றுமே திரும்பவில்லையே’ என்று கூட்டிவிடும். கரும்பச்சை வெளிறும். அந்தச் சேச்சிக்குப் போன இரண்டு படமும் கெட்டது இந்த ஒரே காரணத்தால்தான்.

இதற்கு மருந்து ஃபிளாஷ் காம்பன்சேஷன். என் கேமராவில் லென்ஸுக்குப் பக்கத்தில் மின்னல் குறி போட்ட பட்டன் ஒன்று உண்டு. அதையும் கூட்டல் கழித்தல் குறி போட்ட பட்டனையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்ற வேண்டும். கழித்தல் 3 முதல் கூட்டல் 1 வரை போகும். கசவு, வெள்ளை, சந்தனம், இளமஞ்சள் என்றால் நான் கூட்டல் 0.7-இல் தொடங்குவேன். பற்றாவிட்டால் 1. வெல்வெட், கறுப்பு, அடர் மெரூன் என்றால் கழித்தல் 1. அரக்குப் பட்டு நடுவாந்திரம், அதற்கு எதுவும் வேண்டியதில்லை. வெறும் கூட்டல் கழித்தல் பட்டனை மட்டும் பிடித்துத் திருகினால் என் நிக்கானில் ஊர் வெளிச்சமும் சேர்ந்து மாறும். அது வேறு, இது வேறு. இரண்டையும் ஒன்றென்று நினைத்து நான் ஒரு வாரம் வீணாக்கியிருக்கிறேன்.

நிறம் சரியானது. ஜமிக்கி இன்னும் சரியாகவில்லை.

எழும் ஃபிளாஷ் லென்ஸுக்கு நாலு விரல் மேலேதான் இருக்கிறது. நேராகப் போகிற வெளிச்சம் ஜமிக்கியில் பட்டு நேராகவே திரும்பி லென்ஸுக்குள் வரும். அதோடு நூலின் நிழல் நூலுக்குப் பின்னாலேயே மறைந்துகொள்ளும். ஆரி வேலையின் அழகே அதன் மேடுபள்ளம்தான். ஜர்தோசிக் கம்பிச் சுருள் துணியிலிருந்து எழுந்து நிற்கிறது என்பது அதன் நிழலில்தான் தெரியும். மூன்று நாள் உட்கார்ந்து குத்திய மயில், நேர் ஃபிளாஷில் பிரிண்ட் போட்ட மயில் மாதிரி ஆகிவிடும். கைவேலை செய்கிறவர்கள் தயவுசெய்து நேர் ஃபிளாஷில் படம் எடுத்து அனுப்பாதீர்கள். உங்கள் உழைப்பில் பாதி அந்த வெளிச்சத்தில் காணாமல் போகும்.

தனி ஃபிளாஷ் ஒன்றும், தள்ளி வைத்தாலும் அதை வெட்ட வைக்கிற ட்ரிகரும் பிறகு வாங்கினேன். ஃபிளாஷைக் கேமராவிலிருந்து கழற்றி, துணியை மேசையில் விரித்து, பக்கவாட்டில் துணியை உரசிக்கொண்டு போவது போலத் தாழ்வாக வைத்து வெட்டினேன். அந்த முதல் படத்தை இன்னும் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு சங்கிலித் தையலும் தனித்தனியாக எழுந்து நின்றது. ஒரு இதழில் நான் நூலை இழுத்துப் பிடித்துவிட்ட இடம்கூடத் தெரிந்தது. பிரித்துத் திரும்பப் போட்டேன்.

வெளிச்சம் கொஞ்சம் முரடாக இருந்தது. ஆரி டிசைன் டிரேஸ் பண்ணுகிற பட்டர் பேப்பர் கடையில் எப்போதும் இருக்கும். ஒரு துண்டு வெட்டி ஃபிளாஷ் மூக்கில் ஒட்டினேன். வெளிச்சம் குறைந்தது, நிழல் விளிம்பு மட்டும் அப்படியே கத்தி போல இருந்தது. அண்ணாச்சியிடம் கேட்டேன். வெளிச்சம் மென்மையாவது பேப்பரால் இல்லையாம். வெளிச்சம் புறப்படுகிற பரப்பு பெரிதானால்தான் மென்மையாகும். மூக்கில் ஒட்டிய பேப்பர் மூக்களவுதான் இருக்கும். அதனால் ஒரு பழைய எம்பிராய்டரி வளையத்தில் பட்டர் பேப்பரை இழுத்து மாட்டி, ஃபிளாஷிலிருந்து ஒன்றரை முழம் தள்ளிப் பிடித்தேன். வட்டம் முழுக்க ஒளிர்ந்தது. நிழல் மெழுகு மாதிரி உருகியது. இப்போது பெரிய துணிகளுக்கு வெள்ளை லைனிங் துணியை ஒரு மரச் சட்டத்தில் அடித்து வைத்திருக்கிறேன். கடையில் விற்கிற டிஃப்யூசருக்கு இது எந்த வகையிலும் குறைந்ததில்லை.

கூரையில் பட்டுத் திரும்புகிற வெளிச்சத்தைப் பற்றி நிறையப் பேர் சொல்வார்கள். வெள்ளைக் கான்கிரீட் கூரை இருந்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. தலையைத் திருப்பக்கூடிய ஃபிளாஷை மேலே பார்க்க வைத்தால் கூரையே பெரிய விளக்காகிவிடும். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் கூரை ஓடு அல்லது மரமச்சு. அது வெளிச்சத்தைக் குடித்துவிடும். சுவரில் பட்டுத் திருப்பலாம் என்றால், எங்கள் முன்னறைச் சுவர் பச்சை டிஸ்டெம்பர். நாத்தனார் மகளை நிறுத்தி எடுத்தேன். பிள்ளை முகத்தில் பச்சை படர்ந்துவிட்டது. சுவரின் நிறம் எதுவோ அதைத்தான் திரும்பும் வெளிச்சம் கொண்டுவரும். இப்போது ஓட்டு வீட்டுக்குப் போனால் ஒரு வெள்ளை தெர்மாகோல் அட்டையைக் கையோடு எடுத்துப் போகிறேன்.

இன்னொன்று, யாரும் முன்கூட்டிச் சொல்லாதது. லென்ஸ் முன்னால் மாட்டுகிற ஹூடைக் கழற்றிவிட்டுத்தான் எழும் ஃபிளாஷைப் பயன்படுத்த வேண்டும். இல்லையென்றால் ஃபிளாஷின் வழியை ஹூட் மறைத்து, படத்தின் கீழ்ப்பக்கம் பிறை மாதிரி ஒரு கறுப்பு நிழல் விழும். சேலைப் படத்தில் கீழ்ப்பக்கம் என்ன இருக்கும்? கரை. நெய்தவர் அத்தனை பாடும் பட்ட இடத்தில் நிழல் விழுந்தால் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கடைக்கு வெளியே நான் பட்ட பாடு வேறு. ஆனி மாதம் ஒரு வாடிக்கையாளர் வீட்டில் நிச்சயதார்த்தம். பெண்ணைக் கழுதுருட்டிப் பதிமூன்று கண் பாலத்துப் பக்கம் நிறுத்திப் படம் எடுக்க வேண்டுமென்றார்கள். மீட்டர் கேஜ் காலத்துக் கருங்கல் பாலம், இப்போது அகலப் பாதை ரயில் போகிறது. கல் எல்லாம் பாசி பிடித்து, மழையில் நனைந்து, பார்க்கவே கண்கொள்ளாது. சாரல் விழுந்துகொண்டிருந்தது. மங்கல் வெளிச்சம் என்று ஃபிளாஷை எழுப்பினேன். படம் முழுக்க வெள்ளை வட்டங்கள். ஒவ்வொன்றும் ஒரு சாரல் துளி. பெண் 3 மீட்டர் தள்ளி நிற்கிறாள், துளி 30 சென்டிமீட்டரில் விழுகிறது. பத்தில் ஒரு பங்கு தூரம் என்றால் நூறு மடங்கு வெளிச்சம் அதன்மேல் விழும். நம்ம வெளிச்சத்தை முதலில் வாங்கிக்கொண்டது மழைதான். அன்றைக்கு ஃபிளாஷை மூடிவிட்டு ஐ.எஸ்.ஓ. 1600 வைத்து எடுத்தேன், நன்றாகவே வந்தது. தனி ஃபிளாஷ் வந்த பிறகு, அதைக் குடைக்குள் ஒருவர் கையில் கொடுத்துப் பக்கத்திலிருந்து வெட்டச் சொல்கிறேன். லென்ஸுக்கு முன்னால் விழும் துளிகள் இருட்டிலேயே விழுந்துவிடும்.

உச்சி வெயிலில் ஃபிளாஷ் எதற்கு என்று கேட்பார்கள். வெயிலில்தான் அது அதிகம் தேவைப்படும். தலைக்கு மேலே சூரியன் இருந்தால் கண் இரண்டும் குழியாகிவிடும். முதுகுக்குப் பின்னால் சூரியன் இருந்தால் முகம் கறுத்துவிடும். லேசாக ஒரு வெட்டு கொடுத்தால் கண்ணுக்கு உயிர் வரும். இதிலும் கணக்குதான் இடிக்கிறது. என் கேமராவில் ஃபிளாஷோடு 200-இல் ஒரு நொடிக்கு மேல் ஷட்டரை வேகப்படுத்த முடியாது. ஷட்டர் என்பது இரண்டு திரை. அதற்கு மேல் வேகம் போனால் முதல் திரை முழுதாக விலகுவதற்குள் இரண்டாவது திரை மூட ஆரம்பித்துவிடும். படத்தின் ஒரு பக்கம் கறுப்புப் பட்டையாகும். நல்ல வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100, 200-இல் ஒரு நொடி என்று வைத்தால் அப்பர்ச்சர் எஃப் 11 வேண்டும். 12-ஐ 11-ஆல் வகுத்தால் 1 மீட்டர் சொச்சம். ஆகவே முழு ஆளை நிறுத்தி 3 மீட்டரிலிருந்து எழும் ஃபிளாஷை வெட்டினால் எரிந்ததே தெரியாது. பெண்ணை மரநிழலுக்கு நகர்த்துங்கள், அல்லது முகத்தை மட்டும் பக்கத்தில் போய் எடுங்கள்.

சிவப்புக் கண்ணைக் குறைக்கிற மோடைப் பற்றி ஒரு வார்த்தை. இருட்டில் கண்மணி விரிந்திருக்கும்போது, லென்ஸை ஒட்டியிருக்கிற ஃபிளாஷின் வெளிச்சம் கண்ணின் பின்சுவர் வரை போய், அங்குள்ள ரத்த நிறத்தோடு திரும்பி வருவதுதான் அந்தச் சிவப்பு. அந்த மோடில் ஒரு சின்ன விளக்கு சுமார் ஒரு நொடி முன்னால் எரிந்து கண்மணியைச் சுருக்கும். உட்கார வைத்து எடுக்கிற படத்துக்கு நல்லது. தாலி கட்டுகிற நேரத்தில் அதை வைக்காதீர்கள். என் சித்தி மகன் கல்யாணத்தில் நான் வைத்திருந்தேன். விளக்கு எரிந்த அந்த ஒரு நொடியில் மூன்றாவது முடிச்சு விழுந்துவிட்டது. என் படத்தில் மாப்பிள்ளையின் கை திரும்பி வருகிறது. அந்த நொடியை யார் திருப்பித் தருவார்கள்?

இத்தனையும் பழகிய பிறகு எனக்கு ஒரு ஆசை வந்தது. திருக்கார்த்திகையன்று தெருப் பிள்ளைகள் மாவலி சுற்றுவார்கள். பனையின் ஆண் பாளையைச் சுட்டுக் கரியாக்கி, தூளாக்கி, துணியில் சுருட்டிக் கட்டி, பனைமட்டைக்கு நடுவில் வைத்து, கயிறு கட்டி, கங்கு வைத்துச் சுற்றினால் பொறி பூ மாதிரிக் கொட்டும். கரி கட்டும் பருத்தித் துணி வருஷா வருஷம் என் கடையிலிருந்துதான் போகும். அதை ஒரு நல்ல படமாக எடுக்க வேண்டும்.

ஃபிளாஷ் இல்லாமல் எடுத்தால் பொறி வளையம் மட்டும் வரும், பிள்ளை இருக்காது. சும்மா ஃபிளாஷ் போட்டால் பிள்ளை வருவான், வளையம் இருக்காது. இரண்டு வெளிச்சமும் வேண்டும். டிரைபாட் போட்டு, எல்லாவற்றையும் நாமே கையால் வைக்கிற எம் மோடில் ஷட்டரை 2 நொடி, அப்பர்ச்சர் எஃப் 8, ஐ.எஸ்.ஓ. 400. அந்த ஐ.எஸ்.ஓ.வில் வழிகாட்டு எண் இரட்டித்து 24. அதை 8-ஆல் வகுத்தால் 3 மீட்டர், அங்கே பிள்ளையை நிறுத்தினேன். முதல் படத்தில் பிள்ளை தெளிவாக வந்தான், ஆனால் பொறிக் கோடு அவன் கை நின்ற இடத்தைத் தாண்டி முன்னால் ஓடியிருந்தது. ஃபிளாஷ் தொடக்கத்திலேயே வெட்டிவிட்டு, மிச்ச 2 நொடியும் பொறி வரைந்துகொண்டே போயிருக்கிறது. மின்னல் பட்டனைப் பிடித்துச் சக்கரத்தைச் சுற்றி ‘ரியர்’ என்று மாற்றினேன். இப்போது வெட்டு கடைசியில், ஷட்டர் மூடுவதற்குச் சற்று முன்னால். பொறி முதலில் வளையம் போடும், ஆள் அப்புறம் பதிவான்.

அதிலும் ஒரு இடைஞ்சல். அளவெடுக்கிற சின்ன வெட்டு தொடக்கத்திலேயே விழுகிறது. பிள்ளை அதைப் பார்த்ததும் படம் முடிந்தது என்று கயிற்றை நிறுத்திவிட்டான். இரண்டு மூன்று தடவை இப்படியே ஆனது. “ஏலே, ரெண்டாவது வெட்டுதான் ஒனக்கு. அதுவரை கைய நிறுத்தாத” என்றேன். அடுத்த படத்தில் தலைக்கு மேலே முழு வட்டம், நடுவில் பல்லைக் கடித்துக்கொண்டு அவன் முகம். தெருவே கூடி நின்று பார்த்தது.

கடைசியாக அத்தை. இரண்டு வருஷமாக மனதில் கிடந்த படம். எதுவும் சொல்லாமல் பூஜையறை வாசலில் ஸ்டூல் போட்டு, அதன்மேல் கேமராவை வைத்து, சாயங்காலம் காத்திருந்தேன். எம் மோட், ஐ.எஸ்.ஓ. 1600, அப்பர்ச்சர் எஃப் 4, ஷட்டர் 15-இல் ஒரு நொடி. ஃபிளாஷ் இல்லாமல் ஒன்று எடுத்துப் பார்த்தேன். சுவரில் விளக்கின் மஞ்சள் படிந்திருந்தது, சாமிப் படங்களின் சட்டம் மின்னியது, அத்தையின் முகம் மட்டும் கொஞ்சம் மங்கல். அந்த மங்கலுக்குத்தான் ஃபிளாஷ். கழித்தல் 2. அந்தப் படத்தில் நிறம் ஒட்டவில்லை. ஃபிளாஷ் வெளிச்சம் பகல் வெளிச்சம் மாதிரி வெள்ளை, விளக்கு வெளிச்சம் ஆரஞ்சு. முகம் மட்டும் வேறு வீட்டிலிருந்து வெட்டி ஒட்டியது போல நின்றது. ஆரஞ்சுக் கண்ணாடித்தாள் ஒரு துண்டை ஃபிளாஷின் முன்னால் ஒட்டினேன். எந்த வெளிச்சத்தை வெள்ளையாகக் கொள்வது என்று கேமராவுக்குச் சொல்கிற வெள்ளைச் சமநிலையைப் பல்பு குறிக்கு மாற்றினேன். அத்தை ஐந்தாவது திரியை ஏற்றிவிட்டுக் கையை எடுக்கும்போது அமுக்கினேன். சாமிப் படக் கண்ணாடியில் ஃபிளாஷ் திரும்பாமல் இருக்க, ஸ்டூலைக் கொஞ்சம் சாய்கோணத்தில் வைத்திருந்தேன்.

திரையைப் பெரிதாக்கிக் காட்டினேன். சுடர் ஐந்தும் சுடராக இருந்தன. கன்னத்தில் செம்பு நிறம் இருந்தது. அத்தை கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்கள். நான் என்ன சொல்லப்போகிறார்கள் என்று நின்றுகொண்டிருந்தேன்.

“அந்தக் கடைசித் திரிய இன்னும் கொஞ்சம் தூண்டி விட்டிருக்கலாம் ட்டி. சின்னதா எரியுது பாரு” என்றார்கள்.